நூற்று நாற்பத்து மூன்று பறவைகளுக்கு வீடு தேடிய வழி

ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் பெரியப்பா இருபது வருசம் பறவை வளர்த்தார். சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) தெற்கே முன்பு மாடு கட்டிய கொட்டாயைச் சுற்றிக் கம்பிவலை அடித்து, உள்ளே முட்டையிடப் பானைகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அவர் காரியம் முடிந்த மறுநாள் பெரியம்மா சாவியை என் கையில் கொடுத்தார். "கண்ணு, இதுகளுக்கு ஒரு வழி பண்ணிக் குடு. எனக்கு தண்ணி மாத்தி வெக்கறதுக்கே முடியல" என்றார்.

எண்ணிப் பார்த்தபோது 143 இருந்தன. லவ் பேர்ட்ஸ் என்று நாம் சொல்லும் பட்ஜெரிகர் 96, காக்டெய்ல் (காக்கட்டீல் கிளி) 18, பின்ச் என்ற சிறு குருவி 14, ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் 9, புறா 4, பச்சைக்கிளி 2. கொடுக்க முடிந்தவற்றுக்கு இடம் பார்த்துக் கொடுக்க ஐந்து மாதம் ஆனது. ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன்.

பெரியவர் தவறிப்போய் கூண்டு உங்கள் பொறுப்பில் வந்திருக்கலாம். வேலை மாறி ஊரை விட்டுப் போகவேண்டி இருக்கலாம். ஒரு ஜோடியில் ஆரம்பித்தது பெருகிக் கைமீறிப் போயிருக்கலாம். காரணம் எதுவானாலும் வேலை ஒன்றுதான். நான் தப்புச் செய்து கற்றுக்கொண்டதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் வாரம் யாருக்கும் கொடுக்காதீர்கள்

செய்தி தெரிந்ததுமே ஆள் வர ஆரம்பித்துவிடுவார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் வந்து, "ஏனுங் தம்பி, கதவத் தொறந்து உட்டா அதுபாட்டுக்குப் பறந்து போயிருமுங்களே" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் லவ் பேர்ட்ஸ் ஆஸ்திரேலியாவின் வறண்ட காட்டுப் பறவை. 1840-ல் ஜான் கூல்ட் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோன பிறகு தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பெருகி வந்திருக்கிறது. வெளியே விட்டால் இரை தேடத் தெரியாது, வல்லூறைக் கண்டால் ஒளியத் தெரியாது. மஞ்சளும் நீலமுமாக வேப்பமரத்தில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் காக்கை சூழ்ந்துவிடும்.

வெள்ளோட்டிலோ திருப்பூர் நஞ்சராயன் குளத்திலோ கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டும் நீர்ப்பறவைகளுக்கான சரணாலயங்கள். வெள்ளோடு 2022-லும் நஞ்சராயன் குளம் 2024-லும் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. நம் வீட்டுக் கூண்டிலிருக்கும் நோயை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரிய பாவம். 'ஜூ'வில் கொடுத்துவிடலாம் என்றும் எதிர்பார்க்காதீர்கள். கோவை வ.உ.சி. பூங்காவில் இருந்த உயிரியல் பூங்காவே 2022-ல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரத்தை இழந்துவிட்டது.

அதனால் முதல் வாரம் தண்ணீர், தீனி, சுத்தம் இது மட்டும் போதும். தீனியை மாற்றவே மாற்றாதீர்கள். பெரியப்பா தினையும் கம்பும் கலந்து போட்டு, வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை கட்டித் தொங்கவிடுவார், கம்பியில் ஒரு கடல் நுரை (கணவாய் ஓடு) செருகியிருப்பார். அதையே அப்படியே செய்தேன். கூட்டும்போது தரையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு கூட்டுங்கள். காய்ந்த எச்சத்தின் தூசியில் கிளிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும், அது மனிதருக்கும் தொற்றும். கூண்டு வேலை பார்க்கும் நாட்களில் காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால் வீட்டில் பறவை இருப்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பானையைக் கழற்றுவது

இந்த வேலையைத் தள்ளிப்போட்டால் மற்ற எதுவும் முடியாது. நீங்கள் பத்துக் குருவியைக் கொடுப்பதற்குள் பதினைந்து பொரித்திருக்கும். லவ் பேர்ட்ஸ் ஒரு ஈட்டுக்கு நான்கு முதல் ஆறு முட்டை, ஒருநாள் விட்டு ஒருநாள் இடும். 18 நாளில் குஞ்சு பொரிக்கும், ஏறக்குறைய ஐந்து வாரத்தில் பானையை விட்டு வெளியே வரும், தானாகத் தின்னப் பழக இன்னும் ஒரு வாரம் ஆகும். இன்றைக்கு இட்ட முட்டை கொடுக்கத் தகுந்த பறவையாக இரண்டு மாதம் வேண்டும். அதற்குள் தாய் அடுத்த ஈட்டுக்கு உட்கார்ந்திருக்கும்.

ஒரு காலை வேளையில் எல்லாப் பானைகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். காலியாக இருப்பதை எல்லாம் ஒரே நாளில் கழற்றிவிடுங்கள். நான் முதல் நாள் பாதி, மறுநாள் மீதி என்று கழற்றினேன். மிச்சம் இருந்த பானைகளுக்காகப் பெட்டைகள் ஒன்றையொன்று கடித்து இரண்டுக்குக் காலில் ரத்தக்காயம் ஆகிவிட்டது.

முட்டை இருந்தால் செல்போன் டார்ச்சை அதன் அடியில் வைத்துப் பாருங்கள். சிவப்பு நரம்பு தெரிந்தால் குஞ்சு வளர்கிறது, அதை விட்டுவிடுங்கள். நரம்பே இல்லாத புது முட்டை என்றால் எடுத்து வேகவைத்து, ஆறவைத்து, திரும்பவும் அதே பானையில் வைத்துவிடுங்கள். முட்டையை எடுத்து வெளியே போட்டால் பெட்டை விட்ட இடத்திலிருந்து மேலும் இட ஆரம்பிக்கும், உடம்பில் சுண்ணாம்புச் சத்து வற்றிவிடும். வேகவைத்த முட்டை மேல் இரண்டு மூன்று வாரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு அதுவாகவே எழுந்து போய்விடும், அப்போது பானையை எடுத்துவிடலாம்.

குஞ்சு இருக்கும் பானையை இடம் மாற்றாதீர்கள், தாய் கைவிட்டுவிடும். குஞ்சுள்ள ஜோடிகளைக் கொட்டாயிலேயே விட்டு, மற்றவற்றைப் பிடித்து வேறு கூண்டுக்கு மாற்றிவிட்டால் பானைச் சண்டை இருக்காது. கடைசிக் குஞ்சு வெளியே வந்த அன்றே பானையைக் கழற்றுங்கள். பின்ச்சுக்குப் பானைகூட வேண்டாம், ஒரு கொத்துத் தேங்காய் நார் கிடைத்தாலே மூலையில் கூடு கட்டிவிடும். கூண்டில் நார், சணல், காய்ந்த புல் எதுவும் கிடக்கக் கூடாது.

முடிந்தால் ஆண், பெண்ணைத் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். லவ் பேர்ட்ஸில் மூக்கின் மேலுள்ள சதையைப் பார்த்தால் தெரியும்: வளர்ந்த ஆணுக்கு நீலம், பெட்டைக்குப் பழுப்பு. முழு வெள்ளை, முழு மஞ்சள் நிறத்தில் சிவப்புக் கண் உள்ளவற்றில் ஆணுக்கும் அது ஊதா கலந்த ரோஸாகவே இருக்கும், அங்கே ஏமாந்துவிடாதீர்கள். நெற்றிவரை கோடு இறங்கியிருந்தால் மூன்று நான்கு மாதத்துக்குட்பட்ட குஞ்சு.

ஒரு நோட்டு போடுங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும். எந்த இனம், ஆணா பெண்ணா, நிறம், காலில் வளையம் இருக்கிறதா, உடம்பில் குறை ஏதும் உண்டா, எதோடு ஒட்டி உட்காருகிறது என்று எழுதுங்கள். கடைசியில் சொன்னது முக்கியம். பொழுதோடு அடையும் நேரத்தில் சத்தம் போடாமல் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பாருங்கள். எது எதற்குக் கழுத்தைக் கோதிவிடுகிறது, எது எதன் பக்கத்தில்தான் தூங்குகிறது என்பது நான்கு நாளில் பிடிபட்டுவிடும். அப்படிச் சேர்ந்தவற்றைப் பிரிக்கக் கூடாது என்பதில் நான் கடைசிவரை உறுதியாக இருந்தேன்.

சட்டம் என்ன சொல்கிறது

இதைத் தெரியாமல் கொடுத்தால் வாங்குகிறவரும் மாட்டிக்கொள்வார். பறவைகளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, நம் நாட்டுக் காட்டுப் பறவைகள். பச்சைக்கிளி, செந்தலைக்கிளி, மைனா, சில்லை, கௌதாரி எல்லாம் இதில் வரும். கொங்கு நாட்டில் கிளியும் கௌதாரியும் வளர்க்காத ஊர் குறைவு, ஆனாலும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். விற்கவும் கூடாது, சும்மா கொடுக்கவும் கூடாது, நீங்களே பறக்கவிடவும் வேண்டாம். கூண்டில் வளர்ந்த கிளிக்குச் சிறகுத் தசை தேறவே வாரக்கணக்கில் ஆகும். அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் ஒப்படையுங்கள். கோவைக்காரர்கள் கௌலி பிரவுன் சாலையிலுள்ள வனத்துறை வளாகத்தில் போய்க் கேட்கலாம். பெரியப்பாவின் இரண்டு கிளிகளை நான் கொண்டுபோனபோது பயந்துகொண்டேதான் போனேன். எழுதி வாங்கிக்கொண்டு, இனிமேல் வளர்க்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். பெரியம்மாவுக்குத்தான் அழுகை வந்துவிட்டது. அவர் குரல் கேட்டால் "அம்மிணி" என்று கூப்பிடும் கிளி அது.

இரண்டாவது, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள வெளிநாட்டுப் பறவைகள். மக்காவ், காக்கட்டூ, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, சன் கன்யூர் போன்றவை. 2022-ல் சட்டம் திருத்தப்பட்டு, 2024-ல் விதிகளும் வந்த பிறகு இவற்றை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பொரித்தால், செத்தால், கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். பதிவுக் காகிதம் இல்லாமல் இந்தப் பறவையைக் கைமாற்றாதீர்கள், வனத்துறையிடம் கேட்டுவிட்டு அடுத்த அடி வையுங்கள்.

மூன்றாவது, பட்டியலில் இல்லாதவை. சாதா லவ் பேர்ட்ஸ், காக்டெய்ல், வரிக்குதிரைப் பின்ச், வளர்ப்புப் புறா வகைகள். இவற்றுக்குப் பதிவு இல்லை.

ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸில்தான் பலரும் குழம்புவார்கள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இல்லாத, முகம் ரோஸாக உள்ள இனத்துக்குப் பட்டியலில் விலக்கு உண்டு. கண்ணைச் சுற்றித் தடித்த வெள்ளை வளையம் உள்ள ஃபிஷர், மாஸ்க்டு இனங்களுக்கு விலக்கு இல்லை, அவை இரண்டாவது கூட்டத்தில் சேரும். எங்களிடம் இருந்த ஒன்பதில் நான்குக்கு வளையம் இருந்தது. அந்த நான்கும் இன்னும் என் பொறுப்பில்தான் இருக்கின்றன, காகித வேலை முடியாமல் அவற்றைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

உடம்பு பார்த்த பிறகே வெளியே அனுப்புங்கள்

நோயுள்ள ஒன்றை நல்ல கூட்டத்தில் சேர்த்துவிட்டால் அங்கே உள்ளதும் போகும். கையில் பிடித்து நெஞ்செலும்பைத் தடவுங்கள். இரண்டு பக்கமும் சதை இருந்தால் சரி, கத்தி முனை மாதிரி நெரடினால் மெலிவு. ஆசனவாய்ப் பக்கம் இறகு நனைந்து ஒட்டியிருக்கிறதா, மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடுகிறதா, பகலிலும் இறகைச் சிலுப்பிக்கொண்டு தூங்குகிறதா என்று கவனியுங்கள். அலகின் மேலும் கால்களிலும் தேனடை மாதிரி பொரிந்திருந்தால் அது சொறிப் பூச்சி. மருந்தில் முழுக்கக் குணமாகும், ஆனால் அளவு துளிக்கணக்கு, கடைக்காரர் சொல்லை வைத்து ஊற்றாதீர்கள்.

நாமக்கல்லில் 1985-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே மருத்துவமனையும் உண்டு. 143 பறவைகளையும் தூக்கிக்கொண்டு போகவேண்டாம். நோயாகத் தெரியும் இரண்டு மூன்றையும், நான்கு மூலையிலிருந்து எடுத்த அன்றைய எச்சத்தையும் கொண்டுபோனால் பரிசோதித்துச் சொல்வார்கள். புறா வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. வெள்ளைக்கழிச்சல் நோய் புறாவுக்கும் வரும், கோழிக்கும் வரும். நாமக்கல், பல்லடம் பக்கம் பண்ணையை ஒட்டிய வீட்டுக்குப் பறவை கொடுப்பதை நான் தவிர்த்தேன். ஒரு கொட்டாயில் பத்தாயிரம் கோழி நிற்கும் இடத்தில் நம்மால் ஒரு நோய் போய்ச் சேரக் கூடாது.

யாருக்குக் கொடுப்பது

இரண்டாவது வாரத்தில் ஒருவர் பைக்கில் வந்தார். குழந்தைகளுக்காகத் தோட்டத்தில் பெரிய கூண்டு கட்டியிருப்பதாகச் சொல்லி, 30 லவ் பேர்ட்ஸ் கேட்டார். எனக்கும் பாரம் குறையட்டும் என்று இருந்தது, கொடுத்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், ஒரு முழ அகலக் கூண்டில் அடைத்து அவற்றை விற்றுக்கொண்டிருந்தார்கள். வலது காலில் ஒரு விரல் இல்லாத நீலக் குருவியை வைத்து அடையாளம் கண்டேன். அதையும் அதன் ஜோடியையும் காசு கொடுத்து வாங்கி வந்தேன். மீதி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இன்றும் அதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

அன்றிலிருந்து சில ஏற்பாடுகளை வைத்துக்கொண்டேன். ஒரு வீட்டுக்கு ஆறு பறவைக்கு மேல் இல்லை, ஏற்கெனவே நன்றாக வளர்ப்பவராக இருந்தால் மட்டும் பத்து. "மொத்தமா எல்லாத்தையும் எடுத்துக்கறனுங்க" என்பவருக்கு முதலிலேயே இல்லை. தனியாக ஒற்றைப் பறவை யாருக்கும் கிடையாது, அது கூட்டத்தில் வாழும் உயிர். கூண்டு அவர்கள் வீட்டில் தயாராக இருக்க வேண்டும், கொடுப்பதற்கு முன் நான் நேரில் போய்ப் பார்ப்பேன்.

போனால் என்ன பார்ப்பது? ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸுக்கு மூன்றடி நீளமாவது வேண்டும், உயரத்தை விட நீளம் முக்கியம், பறவை குறுக்கேதான் பறக்கிறது. அடுப்படிப் புகை வரும் இடமா, நான்ஸ்டிக் சட்டி காயும் வாடை படுமா என்று பாருங்கள், அந்த வாடை பறவையைக் கொன்றுவிடும். பூனை நடமாட்டம், எலி நுழையும் சந்து இரண்டையும் கேளுங்கள். பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் என்றால் கூண்டு எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்று அவசியம் பாருங்கள். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கே இருந்து அடிக்கும் காற்றில் திறந்த கூண்டு தாங்காது. மேற்குப் பக்கம் சுவரோ தகரமோ இருக்க வேண்டும்.

ஏன் வேண்டும் என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும். "பையன் கேக்கறானுங்க" என்று மட்டும் சொன்னால், பையன் படிக்கப் போன பிறகு யார் தண்ணீர் வைப்பார்கள் என்று கேளுங்கள். லவ் பேர்ட்ஸ் ஐந்து முதல் பத்து வருசம், காக்டெய்ல் பதினைந்து வருசத்துக்கு மேலும் இருக்கும் என்பதைச் சொல்லிவிடுங்கள். கேட்டவுடன் யோசிக்கிறேன் என்று திரும்பிப் போனவர்களில் இருவர் பிறகு வந்து வாங்கினார்கள், அவர்கள்தான் இன்று மிக நன்றாக வைத்திருக்கிறார்கள்.

சொந்தக்காரர்களிடம் இல்லை என்பது கடினம். மாமா ஒருவர், கிரகப்பிரவேசத்துக்கு அழகாக இருக்கும் என்று எட்டுக் காக்டெய்ல் கேட்டார். "மாமா, நோம்பி முடிஞ்சு ஒரு மாசங் கழிச்சு வாங்க, கூண்டு வெச்சிருந்தீங்கன்னா நானே கொண்டாந்து தர்றேன்" என்றேன். கொஞ்சம் முகம் வாடியது. பரவாயில்லை.

புறாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வளர்ந்த புறாவைப் பக்கத்து ஊருக்குக் கொடுத்தால், திறந்துவிட்ட அன்றே நம் சாளைக் கூரையில் வந்து உட்காரும். கர்ணப் புறா வளர்த்துப் பழகிய ஆளுக்கே கொடுங்கள். வாரக்கணக்கில் அடைத்து வைத்து, ஜோடி சேர்த்துப் பழக்க அவர்களுக்குத்தான் தெரியும்.

கொடுக்கும் நாள்

மாசியிலிருந்து வைகாசிவரை ஈரோட்டு வெயிலில் பகலில் பறவையை நகர்த்தவே கூடாது. விடிகாலையில் இருட்டு விலகும் முன் பிடியுங்கள், அப்போது பறந்து முட்டிக்கொள்ளாது, வெயில் ஏறும் முன் போய்ச் சேர்ந்துவிடலாம். காற்றோட்டத் துளை போட்ட அட்டைப் பெட்டியில் நான்கு லவ் பேர்ட்ஸுக்கு மேல் வேண்டாம். அடியில் சாக்குத் துணி விரித்தால் கால் வழுக்காது. தண்ணீர்க் கிண்ணம் கொட்டிவிடும், பதிலாக ஒரு துண்டு வெள்ளரிக்காய் போடுங்கள். பஸ்ஸின் மேலே, டிக்கிக்குள், காரின் ஏசி காற்றுக்கு நேராக வைக்கவே வேண்டாம்.

கூடவே பதினைந்து நாளுக்கான பழைய தீனியும் கொடுத்துவிடுங்கள். புதுத் தீனிக்கு மாற்ற நினைத்தால் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றச் சொல்லுங்கள். ஒரு தாளில் என்ன தின்னும், எது எதன் ஜோடி, வெண்ணெய்ப்பழமும் சாக்லேட்டும் கூடவே கூடாது என்று எழுதிக் கொடுங்கள். ஏற்கெனவே பறவை உள்ள வீடு என்றால் ஒரு மாதம் தனிக் கூண்டு. காக்டெய்ல் வாங்குகிறவரிடம், முதல் சில இரவுகள் ஒரு ஜீரோ வாட் பல்பு எரியட்டும் என்று சொல்லுங்கள். புது இடத்தின் இருட்டில் பல்லி ஓடினால்கூட மிரண்டு இறகு ஒடியும்வரை அடித்துக்கொள்ளும்.

மூன்றாம் நாள் ஒரு போன், பதினைந்தாம் நாள் ஒரு போன். அந்தப் பக்கம் போகும்போது ஒரு எட்டு எட்டிப் பாருங்கள். வளர்க்க முடியாமல் போனால் வேறு யாருக்கும் தராமல் என்னிடமே திருப்பிக் கொடுங்கள், ஒரு வார்த்தை கேட்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எனக்கு இரண்டு வீட்டிலிருந்து திரும்பி வந்தன. சந்தைக்குப் போகாமல் வந்ததே என்று நிம்மதியாகத்தான் இருந்தது.

மிச்சம் நிற்பவை

கண் தெரியாதது, சிறகு கோணியது, வயதானது என்று கொஞ்சம் கடைசியில் நிற்கும். இவற்றை நல்ல பறவையோடு சேர்த்துத் தள்ளிவிடப் பார்க்காதீர்கள். எங்களிடம் அந்த வளையக் கண் நான்கும் சேர்த்துப் பதினொன்று நின்றன. கொட்டாயில் ஒரு மூலையை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பிரித்தோம். பறக்க முடியாதவற்றுக்குத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வேப்பங்குச்சி கட்டிவிட்டேன். பதினொன்றுக்குத் தண்ணீர் வைப்பது பெரியம்மாவுக்கு இப்போது முடிகிறது.

காலிக் கூண்டைக் கொடுக்கும் முன் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள். மண்பானைகளை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். மண் கிருமியை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், எத்தனை கழுவினாலும் போகாது. எங்கள் வீட்டில் நாற்பது சொச்சம் பானைகளை உடைத்து, தென்னைக்குப் பக்கத்தில் குழி வெட்டிப் போட்டு மூடினோம்.